இரை வைத்து வரவழைத்த கருடன்

தர்ஷி, வேலை பெர்மிட்டுக்குப் படம் எடுக்க நீ பட்டணத்துக்குள் போயிருக்கிறாய். கூடத்தில் உன் பெட்டி திறந்து கிடக்கிறது. நாளை சாயங்காலம் அப்பாவோடு ஜொகூர் பாருவுக்குப் போகிறாய், திங்கட்கிழமை காலையில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்கிறாய். குளிர்சாதன அறை, நாற்காலி, மேசை, மாதம் பிறந்தால் சம்பளம். இப்படி ஒரு வேலை உனக்கு அமைய வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அது அமைந்த விதத்தை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் நேரிலேயே பேசலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் "சாப்பிட்டியா, ஹெல்மெட் போட்டியா, எங்க இருக்க" என்பதற்கு மேல் எதுவும் வந்ததில்லை. நீயும் அதற்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எப்போதோ எழுதியிருக்க வேண்டியது. முதலில் உன் கையில் தருகிறேன், நீ சரி என்றால் ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்புவேன். நம் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வந்த கதையைப் பத்து பாகாட் ஊரில் தெரியாத தமிழர் இல்லை. அந்தக் கதையை யார் சொன்னாலும் நீ தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாய். கதையைக் கேட்டவர்கள் மிச்சத்தையும் கேட்கட்டும்.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்தொரு வயது. கல்லூரியில் டிப்ளோமா முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருடம் நீ. கணக்கியல் பாடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது, பிள்ளை வளர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை செய்து வாரக் கடைசியில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் நீயும் நானும்தான். நீ தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கால்வாய் ஓரம் மீன் பிடித்தால், ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுப்பேன். இரண்டாம் வகுப்பில் தஞ்சோங் பியாய்க் கடலோரக் காட்டுக்குப் பள்ளிப் பயணம் ஏற்பாடு செய்தார்கள். நீ ஒரு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். அன்று காலையில் ஆசிரியைக்கு போன் பண்ணி உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நீ உன் நெற்றியை நீயே தொட்டுப் பார்த்தாய். "சுடலையேம்மா" என்றாய். "உள்காய்ச்சல்" என்றேன். அன்று முழுவதும் நீ கட்டிலை விட்டு இறங்கவில்லை, அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். அந்த வார இறுதியில் வந்த அப்பா விஷயம் தெரிந்து, "பிள்ளைய பத்திரமா வளக்கிறியா, பயந்தாங்கொள்ளியா வளக்கிறியா லா" என்று கேட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்படி வளர்த்த பிள்ளை பட்டம் வாங்கிவிட்டு, பருந்துகளின் பின்னால் அலைகிற வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே சொல். சின்னதிலேயே பிடித்துக் கூண்டில் அடைத்து வீடுகளில் வளர்த்த செம்பருந்துகள். அரசாங்கத்தார் பறிமுதல் செய்து, தேற்றி, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விட்ட பிறகு அவை பிழைக்கின்றனவா என்று பின்தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. "கவர்மெண்ட் வேலையா?" என்றேன். "இல்லம்மா, ஒப்பந்தம்" என்றாய். "பென்ஷன்?" என்றேன். "பருந்துக்கா எனக்கா?" என்றாய். அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கடலோரத்துப் பாக்காவ் சதுப்புக் காடு, சேற்று நிலம், ஆளில்லாத செம்பனைத் தோட்டத்து மண் சாலை, அதில் மோட்டர் சைக்கிளில் தனியாக என் பிள்ளை. எனக்குக் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? காட்டின் விளிம்பில் உயரமான கட்டைக் கால்களில் நின்ற கூண்டைக் காட்டினாய். விடுவதற்கு முன் பறவைகளை அங்கே வைத்திருப்பார்களாம். ஒரு குழாய் வழியாகத்தான் மீனைத் தள்ளுவார்களாம், கொடுக்கிற கை பறவையின் கண்ணில் படவே கூடாதாம். "ஏன், பாத்தா என்ன?" என்று கேட்டேன். "மனுசன் வந்தா சாப்பாடு வருதுன்னு அது கத்துக்கிட்டா, அப்பறம் மனுசனத் தேடி வரும்மா. வர்ற எடத்துல எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்களா?" என்றாய். பெயர்கூட வைக்க மாட்டோம், எண்தான் என்றாய். அதற்கு முன்பே வெளியே விட்டிருந்த ஏழாம் எண்ணின் வாலிறகில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டியிருந்தீர்கள், அதிலிருந்து ஒரு கம்பி மெல்லியதாய் நீண்டிருந்தது. மீன்முள் மாதிரி இருந்த ஏரியலைத் தலைக்கு மேல் தூக்கி நீ மெதுவாகத் திரும்பினாய். ஒரு பக்கம் திரும்பியபோது கையிலிருந்த பெட்டியில் டிக், டிக் என்று கேட்டது. திசையைக் குறித்துக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போய் மறுபடி திரும்பினாய். இரண்டு திசைகளும் வரைபடத்தில் சந்திக்கிற இடத்தில் பறவை இருக்கும் என்றாய். இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில் பட்ட மரம் ஒன்றின் உச்சியில், முதுகு செம்மண் நிறம், தலையும் நெஞ்சும் பால் வெள்ளை. நான் என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ சிரித்தாய். "கும்புட்டுக்கங்க, தப்பில்ல. ஆனா யாருகிட்டயும் சொல்லாதீங்க. எடம் வெளிய தெரியக்கூடாதுன்னு கக் ரோஸ் முதல் நாளே சொல்லிட்டாங்க" என்றாய். கக் ரோஸ் உன் மேலாளர், அந்த வேலை முழுவதையும் நடத்துகிறவர். அவர் பெயரைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இடம் வெளியே தெரியக்கூடாது என்ற விதியை நீ மீறியது எனக்காகத்தான். காலையில் நீ கிளம்பினால் எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை ஓடாது. துணி அளவுச் சீட்டில் தப்புத் தப்பாக எழுதுவேன். போன் எடுக்கவில்லை என்றால் பத்துத் தடவை அடிப்பேன். ஒருநாள் நீ சேற்றில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தபோது என் அழைப்பை எடுக்கப் போய் போனே சேற்றில் விழுந்தது. அன்று சாயங்காலம் புது போனை என் முன்னால் வைத்து, "சரிம்மா, நான் எங்க இருக்கேன்னு உங்க போன்ல தெரியிற மாதிரி போட்டு விடறேன். அதப் பாத்துக்கங்க, கூப்பிடாதீங்க" என்றாய். அதற்குப் பிறகு என் திரையில் நீ ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்தாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன், பார்த்துக்கொண்டே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ பறவையைப் பின்தொடர்ந்தாய், நான் உன்னைப் பின்தொடர்ந்தேன். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஏழாம் எண்ணும் இருக்கும் என்பது சில வாரங்களிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் விடிந்த கொஞ்ச நேரத்தில் அது ஆற்றை ஒட்டியே உள்ளே வந்து, நம் கோயிலுக்குப் பின்புறம் ஆறு வளைகிற இடம் வரைக்கும் இரை தேடிவிட்டுத் திரும்பும்.

அந்த நேரத்தில்தான் சேகர் மாமா கும்பாபிஷேகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். என் அண்ணனைப் பற்றி ஊரில் நாலு விதமாய்ச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோயிலுக்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தோட்டம் கைமாறியபோது அம்மனை அங்கிருந்து எடுத்து, ஆற்றோரம் கிடைத்த துண்டு நிலத்தில் கொண்டு வந்து வைத்தவர் அவர். ஆனால் இடம் மாறிய பிறகு ஜனங்கள் நம்பிக்கையில்லாமல் பேசினார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, போட்ட டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்றேன்.

"ஒடம்புக்கு என்னா. ஆத்தா இன்னும் பழைய எடத்துலதான் இருக்கா, இங்க இருக்கறது வெறுங்கல்லுன்னு சொல்றானுங்க. கருடன் வட்டம் போட்டாத்தான் ஒத்துக்குவானுங்களாம். செம்பனைக்கு அடிக்கிற மருந்துல காக்காயே வர்றதில்ல, கருடனுக்கு நான் எங்க போவேன்?"

"கருடன் இருக்கு" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "எங்க?" என்றார்.

தர்ஷி, அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்தியிருக்கலாம். போனைத் திறந்து நீலப் புள்ளியைக் காட்டினேன். அதோடும் விடவில்லை. குளிர்ப்பெட்டியில் நீ பறவைகளுக்கென்று வைத்திருந்த கெம்போங் மீனைப் பார்த்திருக்கிறேன், அதற்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பசாரில் மீன் தலையும் கோழிக் குடலும் வாங்கி, வேலைக்குப் போகிற வழியில் கோயிலின் பின்சுவர் மேல் நானே வைத்தேன். மாரியம்மன் கோயில் சுவரில் கோழிக் குடல். அண்ணன் வாளியும் துடைப்பமுமாக நின்று, பருந்து தின்றுவிட்டுப் போன பிறகு சுவரைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். "கும்பாபிஷேகம் வரைக்கும்தான் பாப்பா, நாலு நாளு" என்றார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரில் கையை வைத்து உனக்காக வேண்டிக்கொண்டேன். நீ காட்டை விட்டு ஒரு நல்ல வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று.

வந்தது. பூசாரி கலசத்துக்குப் புனித நீரைத் தூக்கிய நேரத்தில், ஆற்றுப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து கோபுரத்தைச் சுற்றியது. கூட்டம் முழுவதும் அழுதது. மாமா அப்படியே தரையில் விழுந்தார். எனக்கும் அழுகை வந்தது, பொய்யான அழுகை இல்லை. குடல் வைத்தவள் நான்தான் என்பதே அந்த நிமிடம் மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "வாலப் பாருங்க, பாம்பப் பிடிச்சிக்கிட்டு வந்திருக்கு" என்று கத்தினார். எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நீ மட்டும் அந்தப் பாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய், ஏனென்றால் அந்தக் கம்பியைக் கட்டியவள் நீ. அது மூன்றாம் சுற்றில் தாழ்ந்து பின்சுவர்ப் பக்கம் இறங்கியது. நீ பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினாய்.

வீட்டுக்கு வந்து, "யாரும்மா வச்சது?" என்று கேட்டாய். "மாமா" என்றேன். "மாமாவுக்கு எப்படித் தெரியும்?" என்று நீ கேட்கவில்லை. என் போனைப் பார்த்தாய், பிறகு உன் போனை எடுத்து எதையோ அழுத்தினாய். என் திரையில் புள்ளி மறைந்தது. "இன்னையோட நிறுத்தச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாய். அண்ணனிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே நிறுத்திவிட்டார், நானும் நிறுத்திவிட்டேன். ஆனால் வீடியோ அதற்குள் ஊர் ஊராய்ப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மூவாரிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் வண்டி வந்தது. வந்தவர்கள் கருடனைப் பார்க்காமல் போவதாயில்லை. சுவரில் வைப்பதற்கென்று கோயில் வாசலுக்கு வெளியே யாரோ மீன் விற்கக்கூடத் தொடங்கினார்கள். "நான் என்னா பண்ணட்டும் பாப்பா, வாளிய வச்சிக்கிட்டு எத்தன பேர வெரட்டுவேன்?" என்றார் அண்ணன். நீ கேட்டபோது, "சொல்லிட்டேன்" என்றேன். சொன்னது உண்மைதான். பின்னாளில் உனக்கும் யாராவது 'நாலு நாளைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஐந்தாம் நாள் யார் நிறுத்தப் போகிறார்கள் என்று அவர்களிடம் கேள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மழைக்கால ஞாயிறைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதில்லை. ஏழாம் எண்ணின் சத்தம் ஆற்றுப் பக்கம் கேட்கவில்லை, தேடப் போகிறேன் என்றாய். மழையில் மோட்டர் வேண்டாம் என்று நான்தான் காரை எடுத்தேன். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் நீ கண்ணாடியை இறக்கி ஏரியலை வெளியே நீட்டினாய். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிக் டிக் டிக் என்று ஒரே ஓட்டமாய்க் கேட்டது, முன்பு கேட்டதை விட இரண்டு மடங்கு வேகம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இவ்ளோ வேகமா அடிக்குதே, ரொம்பப் பக்கத்துல இருக்கா?" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "இல்லம்மா" என்றாய். கொஞ்ச தூரம் போன பிறகு, "அசையாமக் கெடந்தா அப்படித்தான் அடிக்கும். நாங்களே அப்படித்தான் வச்சிருக்கோம்" என்றாய்.

கெளுத்திக் குளங்கள் இருந்த இடத்தில் சத்தம் பெரிதாகியது. குளத்துக்காரர், வயதான சீனர், மழையில் குடையோடு வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையை விரித்தார். கொக்குகள் மீனைத் தின்றுவிடும் என்று வலை போட்டிருந்தார். தீனி போடுகிற நேரத்தில் பருந்து அவர் பக்கத்திலேயே வந்து உட்காருமாம், பயமே இல்லையாம், விரட்டினாலும் போகாதாம். முந்தின நாள் அவர் சந்தைக்குப் போயிருந்தபோது வலைக்குள் இறங்கிவிட்டிருக்கிறது. நீ முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையைக் கத்தரித்தாய். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குப் பிடித்தேனா, எனக்குப் பிடித்தேனா, தெரியவில்லை. நீ அதன் இறகைச் சேர்த்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாய். கருவியை அணைக்க மறந்துபோனாய், வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தது.

கக் ரோஸ் கேட்டபோது நீ பொய் சொல்லவில்லை. "இடம் என் வழியாகத்தான் வெளியே போனது" என்று சொன்னாய். யாருக்கு என்று அவர் கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. ஒரு வீடியோவுக்காக நீ யாரோ பையனுக்குச் சொல்லிவிட்டாய் என்றுகூட அங்கே பேசியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்து காலணியிலிருந்த சேற்றைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டாய். நான் அன்றைக்கே அவரிடம் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் வெட்கம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். வெட்கம் மட்டும் இல்லை. நீ இனிமேல் அந்தச் சேற்றுக்குப் போக மாட்டாய் என்ற நிம்மதியும் இருந்தது. நீ அறைக்குள் அழுதுகொண்டிருந்தாய், நான் வெளியே கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் எனக்கு மன்னிப்பே கேட்கத் தெரியவில்லை. பறவையை எங்கள் ஆசை கொன்றது. உன் வேலையை நான் சும்மா இருந்தே பறித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துக் கொடுத்தார். நீ மறுக்காமல் தலையாட்டினாய். நேர்முகத்துக்குப் போய்வந்து, "கெடச்சிருச்சும்மா" என்று சாதம் வெந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாய். நான் பாயசம் வைத்தேன். நீ ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாய். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இதுவரை பட்ட பயம் எல்லாம் வெளியிலிருந்து உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்பது. இது வேறு.

சென்ற வாரம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கக் ரோஸைப் பார்க்கப் போனேன். கூண்டுக்குக் கீழே நின்று பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மலாயில் சொல்லச் சொல்ல எனக்கு வார்த்தை குழறியது, குடல் என்பதற்கு மலாய்ச் சொல்கூட வரவில்லை, வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்து, "நீங்கள் அவளுடைய அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். "அன்றைக்கே வந்திருந்தால் அவளை நான் அனுப்பியிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன், ஆனால் அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்றாததும் நல்லதுதான். நான் அழுது முடிக்கும் வரைக்கும் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றேன். "வந்தது கருடன்தானே பாப்பா? கூப்பிட்டு வந்தா என்னா, தானா வந்தா என்னா? அம்மா கூப்பிட்டாத்தான் பிள்ளையே வருது" என்றார். "அண்ணே, அது செத்துப்போச்சு" என்றேன். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து போகிற வேறு ஏதோ பருந்தை அவர் இன்னும் அதுவென்றே நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "எழுதிக்க. என் பேரையும் போட்டுக்க. ஆத்தாவ மட்டும் அதுல இழுக்காத" என்றார். இழுக்கவில்லை, தர்ஷி. அம்மன் எங்களிடம் பருந்து கேட்கவில்லை.

இனி இதை எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். கக் ரோஸ் கடைசியில் ஒன்று சொன்னார். மழை விட்டதும் புதிதாய்ப் பறவைகள் வருகின்றன, பின்தொடர ஆள் எடுக்க வேண்டும், அந்த ஆற்று வளைவுகளை உன் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை அழைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நான் காத்திருக்க முடியாது" என்றார். இதைச் சொல்லி ஒரு வாரம் ஆகப் போகிறது. தினமும் சாப்பாட்டு மேசையில் உன் எதிரே உட்கார்ந்து, சொல்லாமல் எழுந்திருக்கிறேன். சிங்கப்பூர் வேலை உறுதியாகிவிட்டது, அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், பிள்ளையின் மனதைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் அடுக்கினேன். நாளை கடந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்றும் ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் பழகியது, தர்ஷி. இன்று காலையில் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பியபோது, "எப்படிம்மா இருக்கேன்?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் உன் காலரைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சிங்கப்பூர் வேலை மோசமான வேலை இல்லை, அங்கே போகத்தான் உனக்கு விருப்பம் என்றால் அதுவும் உன் விருப்பமாக இருக்கட்டும், என் மௌனத்தால் வந்ததாக இருக்க வேண்டாம். கக் ரோஸிடம் போவதென்றால், நான் பயப்பட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பயப்படுவேன். கடல் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்ப்பேன், மழை வந்தால் ஜன்னலில் நிற்பேன். அது என்னோடு இருக்கட்டும். உன்னைக் கூப்பிட்டு அதை உன் கையில் கொடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், முதலில் கத்துவார், பிறகு அவரே சிரிப்பார்.

உன் பெட்டியை நீ வைத்தபடியே விட்டிருக்கிறேன். எடுத்து வைக்கவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை. எந்த வண்டியில் ஏற்றுவது என்று நீ சொல், நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

அம்மா